அவரவர் மடிப்பு

வெள்ளூரணியில் மடித்ததெல்லாம் பிரிந்துபோன வருஷத்தைப் பற்றி இன்றைக்கு யாரிடம் கேட்டாலும், வெங்காயம் விலை ஏறிய வருஷத்தைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள். கார்த்திகை இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, விடிந்து பார்த்தால் பீரோவுக்குள் அடுக்கி வைத்த சேலைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விரிந்து கதவைத் தள்ளிக்கொண்டு நின்றன, மளிகைக் கடையில் சீரகப் பொட்டலமும் மிளகுப் பொட்டலமும் கடுகுப் பொட்டலமும் அவிழ்ந்து ஒரே குவியலாகக் கிடந்தன, பிள்ளையார் கோயில் தட்டில் விபூதி பொட்டலத்தை விட்டு வெளியே வந்திருந்தது, மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிற பேப்பர் கட்டு ஓடைப் பாலத்தைத் தாண்டிய நிமிஷமே வாய் பிளந்து, பக்கம் பக்கமாகப் பிரிந்து, இறங்குகிறவர்களின் காலடியில் பரவியது.

அரை நாள் வரைக்கும் காற்று என்றார்கள். பிற்பகலில், காற்று பீரோவுக்குள் எப்படிப் போகும் என்று யோசித்து, வெயில் என்றார்கள். மூன்றாம் நாள் காரணம் தேடுவதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் வேலை இருந்தது. பெண்கள் கொசுவத்துக்கு ஊக்கு குத்தினார்கள், ஊக்கும் தாங்காதபோது சுடிதாரிலும் நைட்டியிலும் கோயிலுக்கு வந்தார்கள், பூசாரி கண்டுகொள்ளவில்லை. ஆண்கள் வேட்டிக்கு பெல்ட் போட்டார்கள். பீடாக் கடைக்காரர் வெற்றிலையைத் தனியாகவும் பாக்கைத் தனியாகவும் கையில் கொடுத்து, வாய்க்குள்ளே போய்ச் சேர்ந்துகொள்ளட்டும் என்றார். முழங்கால் மட்டும் எப்போதும்போல் மடங்கியது, முழங்கையும் மடங்கியது, அதெல்லாம் சாமி தன் சொந்த யோசனையில் மடித்தது, அதனால் அது நிற்கும் என்று பூசாரி சொன்னதை ஊர் ஒப்புக்கொண்டது.

அந்தச் சொந்த யோசனை என்ற சமாசாரத்தை அவருக்கும் முன்னால் கண்டுபிடித்தவள் ஜெயக்கொடி. அவளுக்கு வயது முப்பத்தி நாலு, அண்ணாச்சி தங்கமாரியப்பனின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பதினாலு வருஷமாகப் பெட்டி மடிக்கிறவள். பகலெல்லாம் மடித்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் போனில் வீடியோ பார்த்துத் தாளில் ஒரிகாமி உருவங்கள் மடிப்பாள். கொக்கு, தவளை, ரோஜா, காண்டாமிருகம், எட்டுக் காலோடு நண்டு என்று இருநூற்றுப் பன்னிரண்டு உருவம் அவள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. வீடியோவில் ஒரு தடவை பார்த்தால் போதும், அவள் கை அப்படியே செய்துவிடும், காண்பித்தவரைவிடச் சுத்தமாகவும் செய்துவிடும். அவள் புருஷன் சுடலைமணி, மினி பஸ் டிரைவர், விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அலமாரிப் பக்கம்தான் கூட்டிக்கொண்டு போவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அலமாரியில் இருநூற்றுப் பதினோரு சதுரத் தாள்கள் தட்டையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது. போன வருஷம் குதிரை மடிக்கப் போய், பாதியில் வீடியோ நின்றுபோய், தன்னிஷ்டத்துக்கு மடித்துப் பார்த்து, கழுத்து கோணி, ஒரு கால் குட்டையாகி வந்த ஒன்று. தூக்கி எறியப் போனவளை, களைத்துப்போன ஆடு மாதிரி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சுடலைமணிதான் தடுத்து வைத்திருந்தான்.

ஜெயக்கொடி பல் துலக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு புருஷனிடம் சொன்னாள், "இத்தன வருசத்துல நானா செஞ்சது இது ஒண்ணுதான்."

"அதுதான் நிக்குது," என்றான் அவன்.

"ஆமா. அதுதான் நிக்குது."

அதற்குப் பிறகு ஊரும் தெரிந்துகொண்டது. ஒருவர் மடிப்பு இன்னொருவர் கையில் நிற்பதில்லை, அவரவர் யோசித்த மடிப்பு அவரவருக்கு நிற்கிறது, அவ்வளவுதான் கணக்கு. துணியை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவள் என்று மாமியாரிடம் பேச்சு வாங்கிய மருமகள்களின் துணி மட்டும் அலமாரியில் அடங்கி இருந்தது, மாமியார்கள் அவர்களிடம் தங்கள் சேலையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். டீக்கடை மாஸ்டர் தலையில் கோணலாகக் கட்டுகிற துண்டை இப்போது மரியாதையோடு பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சமையலைக் கேட்பதற்கு முன்னால், பொண்ணுக்குச் சொந்தக் கொசுவம் உண்டா என்று கேட்டார்கள். தை மாசக் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரு பெண் அறைக்குள் பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு, வலமிருந்து இடமாக, ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக ஒரு கொசுவம் கண்டுபிடித்து வெளியே வந்தாள், அவள் அம்மா அழுதாள்.

பெட்டிக் கம்பெனிக்குத்தான் வழி தெரியவில்லை. ஊரின் கருப்பட்டி மிட்டாய்க் கடைக்குப் பொங்கலுக்கு எட்டாயிரம் பெட்டி கொடுத்தாக வேண்டும், அரைக்கிலோ பெட்டி, மூடி தனி. மெஷினில் கோடு விழுந்து வருகிற அட்டையை அறுபது பெண்கள் பாயில் உட்கார்ந்து மடிப்பார்கள். இப்போது மடித்துக் கீழே வைக்கும் முன் அட்டை விரிந்தது, பசை போட்டால் பசையோடு கிழித்துக்கொண்டு விரிந்தது. வெளியூரில் மடித்து வாங்கலாமென்று அண்ணாச்சி வேன் அனுப்பினார், வேன் ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் உள்ளே பட்டாசு வெடித்ததுபோல் சத்தம் கேட்டது, கதவைத் திறந்தால் தட்டை அட்டைகள். மிட்டாய்க் கடைக்காரர், பெட்டி இல்லாவிட்டால் பொங்கல் வியாபாரமே இல்லை, அப்புறம் எனக்குப் பெட்டிக் கம்பெனியும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

"நான் ஒண்ணு செஞ்சு கொண்டாறேன் அண்ணாச்சி," என்றாள் ஜெயக்கொடி. "கோடு போடாத வெறும் அட்டையா எனக்குக் கொஞ்சம் குடுங்க."

செய்வது அத்தனை லேசாக இல்லை. அவள் கைக்கு எல்லாம் தெரியும், ஆனால் அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. எதை மடித்தாலும் அட்டை இரண்டு நிமிஷம் நின்று, பிறகு மெதுவாக வாயைத் திறந்து, இது வேறு யாருடையதோ என்று சொல்வதுபோல் விரிந்துகொண்டது. எட்டு நாளில் அறுபத்திமூன்று தடவை விரிந்தது. ஒன்பதாம் நாள் அவள் அட்டையை வைத்துவிட்டு, அலமாரியில் தட்டையாகக் கிடந்த இருநூற்றுப் பதினோரு தாள்களையும் தரையில் பரப்பினாள். இத்தனை காலம் உருவத்தைத்தான் பார்த்திருக்கிறாள், உருவம் போன பிறகு எஞ்சி நிற்கிற கோடுகளை ஒரு நாளும் பார்த்ததில்லை. கொக்கின் கழுத்து எங்கிருந்து வந்தது, நண்டின் காலுக்குத் தாளில் எவ்வளவு இடம் போனது என்று விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் படித்தாள். தாளின் மூலையிலிருந்து ஒரு காலை இழுத்தால் கொஞ்சம் தாள் போதும், ஓரத்திலிருந்து இழுத்தால் இரண்டு பங்கு வேண்டும், நடுவிலிருந்து இழுத்தால் நாலு பங்கு விழுங்கிவிடும் என்று நாலு நாளில் அவளுக்குப் புரிந்தது. ஏன் இங்கே மடித்தார்கள் என்று ஒவ்வொரு கோட்டையும் கேட்டாள், கேட்கக் கேட்க, நான் என்றால் எங்கே மடிப்பேன் என்ற கேள்வி தானாக வந்து எதிரே உட்கார்ந்தது.

பதினாறாம் நாள், மூலை இரண்டும் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்துக்கொள்கிற ஒரு பெட்டியை மடித்துத் தரையில் வைத்தாள். சமைத்தாள், துணி துவைத்தாள், வந்து பார்த்தாள். நின்றது. சுடலைமணி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மினி பஸ்ஸின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தான். அப்போதும் நின்றது.

மறுநாள் கம்பெனியில் மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் அவள் அதைச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் பிடித்துக்கொண்டவள் வேலுத்தாய். அவளுக்கு ஐம்பத்தி ஏழு வயது, முப்பத்தொரு வருஷ சர்வீஸ், பழைய பெட்டியை நாலே விநாடியில் மடிப்பாள், பேசிக்கொண்டே மடிப்பாள், கண் மூடியிருந்தாலும் மடிப்பாள். பதினாலு வருஷமாக ஜெயக்கொடிக்கு எதிர்ப் பாயில் உட்கார்ந்திருக்கிறாள், மதினி என்றுதான் ஜெயக்கொடி அவளைக் கூப்பிடுவாள். வேலுத்தாய் புதுப் பெட்டியை மடித்து நிமிர்த்தி வைத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் அது விரிந்தது. பிறகு வரிசையாக எல்லோருடையதும் விரிந்தது. ஜெயக்கொடி மடித்தது மட்டும் நடுவில் நின்றது.

அண்ணாச்சி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சரி. அப்ப நீயே மடி. மத்தவங்க இப்போதைக்கு வீட்டுல இருக்கட்டும்."

வேலுத்தாய்தான் பேசினாள், அண்ணாச்சியிடம் இல்லை, ஜெயக்கொடியிடம். "எங்கள எல்லாம் எழுப்பி விட்டுட்டு நீ ஒருத்தி உக்காந்து மடிக்கப் போறியாக்கும்."

"இல்ல மதினி."

"அண்ணாச்சி சொல்றாருல்ல."

ஜெயக்கொடி அண்ணாச்சியின் பக்கம் திரும்பினாள். "நான் ஒருத்தியா ஒரு நாளைக்கு முந்நூறு மடிக்கலாம். எட்டாயிரத்துக்கு இருபத்தேழு நாள் ஆகும். நமக்கு இருக்கறது இருபது. அத விடுங்க, இருபத்தேழு நாள் இருந்தாலும் நான் ஒருத்தியா மடிக்க மாட்டேன். இவங்க அம்புட்டுப் பேரும் மடிப்பாங்க."

"எப்படி மடிப்பாங்க? இப்பத்தான பாத்தோம்?"

"என்னுத மடிச்சாங்க, விரிஞ்சிருச்சு. அவங்க அவங்களுத மடிக்கட்டும்."

அரைக்கிலோ பிடித்தால் போதும், மூடி மூடினால் போதும், வடிவம் எப்படி இருந்தாலும் நான் மிட்டாய்க் கடைக்காரரிடம் பேசிக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி சொன்னார்.

அப்படித்தான் அந்த மார்கழியில் பெட்டிக் கம்பெனி வேறு மாதிரி ஆயிற்று. ஆளுக்கு ஒரு வெறும் அட்டை, ஆளுக்கு ஒரு திசை, பக்கத்துப் பாயைப் பார்க்கக் கூடாது. தாளின் குணத்தைச் சொல்லலாம், மூலை எவ்வளவு கேட்கும், ஓரம் எவ்வளவு கேட்கும், நடு எப்படி வீணடிக்கும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லலாம். மடிப்பைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது சொன்னவளுடையதாகிவிடும், மடித்தவள் கையில் நிற்காது. விரிந்தால் திட்டாதீர்கள், விரிகிற அட்டை பொய் சொல்லாத ஒரு வாத்தியார், அது விரிகிற இடத்தைப் பாருங்கள், அங்கேதான் வேறு யாரோ இருக்கிறார்கள், அந்த இடத்தை மாற்றுங்கள் என்று ஜெயக்கொடி சொல்லிக்கொண்டே வரிசைக்கு வரிசை நடந்தாள். நாள் முழுக்க அந்தக் கூடத்தில் அட்டை விரிகிற சத்தம், மழை பிடிக்கிறதற்கு முன்னால் தகரக் கூரையில் விழுகிற தூறல் மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் முத்துக்கனியின் பெட்டி நின்றது. எந்தக் கதையையும் நேராகச் சொல்லத் தெரியாமல் சுற்றி வளைத்துச் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியவள், அவள் பெட்டியின் பக்கங்களும் சுற்றிச் சுற்றித்தான் மேலே ஏறின. அடுத்து இரண்டு பேர், மறுநாள் ஏழு பேர். பதின்மூன்றாம் நாள் காலையில் ஐம்பத்தொன்பது விதமான பெட்டி ஐம்பத்தொன்பது பாயின் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

வேலுத்தாயின் பாய் இரண்டு நாளாகக் காலியாக இருந்தது.

"ஐம்பத்தொன்பது பேர் போதும் ஜெயக்கொடி," என்றார் அண்ணாச்சி. "கணக்குப் பாத்துட்டேன். நாலஞ்சு நாள்ல முடிஞ்சிரும். அந்தம்மாவுக்கு நான் வேற ஏதாவது வேல பாத்துத் தாரேன். கூட்டிப் பெருக்கட்டும்."

"மத்தியானம் நான் போய்ட்டு வரேன்," என்றாள் ஜெயக்கொடி.

வேலுத்தாயின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டில் மேல், ஜன்னல் மேல், அடுப்பு மேடை மேல் எங்கும் விரிந்த அட்டைகள். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என் கை கேக்க மாட்டேங்குது," என்றாள். "எடுத்தா நேரா அந்தப் பழைய பெட்டிக்குத்தான் போகுது. பாரு." ஒரு அட்டையை எடுத்தாள். நாலு விநாடி. பெட்டி. கீழே வைத்தாள், விரிந்தது. "முப்பத்தொரு வருசம். வேற ஒண்ணும் தெரியல இதுக்கு. எடது கையால மடிச்சேன், அதுவும் அங்கதான் போகுது. கண்ணக் கட்டிக்கிட்டு மடிச்சேன். அங்கதான் போகுது."

"இன்னும் ஏழு நாள் இருக்கு மதினி."

"ஐம்பத்தொன்பது பேரு முடிச்சுட்டாகளாம்ல."

"முடிச்சுட்டாங்க."

"பெறகு என்னத்துக்கு என் வாசப்படிய மிதிக்க?"

"எதிர்ப் பாய் காலியா இருந்தா எனக்கு மடிக்க ஓடல," என்றாள் ஜெயக்கொடி. அட்டைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

வேலுத்தாய் இன்னொரு அட்டையை எடுத்தாள். இந்தத் தடவை மெதுவாக மடித்தாள், பழைய வழியில் இரண்டு மடிப்பு போய், அங்கே கையைப் பிடித்து நிறுத்தினாள். பாதியில் நின்ற அந்த அட்டையைப் பார்த்ததும் ஜெயக்கொடிக்கு வழி தெரிந்துவிட்டது. இடது மூலையை வெளியே விடாமல் உள்ளே திருப்பினால் போதும், மீதி தானாக வந்து சேரும். கம்பெனியில் பழைய பெட்டியை மடிக்கும்போதெல்லாம் வேலுத்தாயின் கை அந்த மூலையில் ஒரு கணம் தயங்குவதைப் பதினாலு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். சொல்ல வாய் வந்தது. விரல்கள் தாமாக நீண்டன. அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

வேலுத்தாய் அதைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுது."

ஜெயக்கொடி விரிந்து கிடந்த அட்டைகளைப் பார்த்தாள்.

"தெரியுதுல்ல. சொல்லித் தொலையேன்."

"சொன்னா அது என்னுதாயிரும் மதினி."

"ஆயிட்டுப் போகட்டும். ஒரு பெட்டியாவது நின்னு பாத்துக்கிடுதேன்."

"நிக்காது. நீங்க மடிப்பீங்க, ரெண்டு நிமிசத்துல விரியும். அப்புறம் இந்த வழியும் உங்களுக்கு இல்லாமப் போயிரும்."

வேலுத்தாய் அட்டையை வீசினாள். அது சுவரில் பட்டு விழுந்தது. ஜெயக்கொடி எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று, யார் வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது. ஜெயக்கொடிக்குக் கை மரத்துப்போனது, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே, பதினாறு நாள் பெட்டி தேடியதையும் சேர்த்து, இதுதான் கஷ்டமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து வேலுத்தாய் ஒரு புது அட்டையை எடுத்து மடியில் வைத்தாள். மடிக்கவில்லை, தடவினாள். நாலு ஓரத்தையும் விரலால் தொட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். "இங்கன பூரா அந்தப் பெட்டிதான் இருக்கு," என்று தனக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "எங்க தொட்டாலும் அதுதான் இருக்கு." பிறகு உள்ளங்கையை அட்டையின் நட்டநடுவில் வைத்தாள். வைத்தபடி இருந்தாள்.

"நடுவுல எடுத்தா வீணாகும்னு நீதான சொன்ன."

"ஆமா. நாலு பங்கு தின்னுரும்."

"தின்னுட்டுப் போகட்டும். என் கை நடுவத் தொட்டதே இல்ல. பெட்டி மடிக்கறவ ஓரத்தத்தான தொடுவா. நடு சும்மா தரையில கெடக்கும்."

அவள் அடிப்பகுதியை இரண்டு விரலால் கிள்ளி மேலே தூக்கினாள். அட்டை முரண்டியது, மூன்று தடவை சப்பையாகப் படுத்தது. வலது மோதிர விரல் அவளுக்குச் சரியாக மடங்காது, அதனால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, நடுவில் ஒரு வரப்பு எழுப்பினாள், வரப்பு எழும்ப எழும்ப நாலு பக்கமும் உள்ளே இழுபட்டு, தாமாக நிமிர்ந்து, சுவராகி நின்றன. ஓரங்களில் அவள் செய்யக் கூடியது ஒன்றுமே மிச்சமில்லை. பழைய பெட்டியை மடிக்கக் கைக்கு இடமே இருக்கவில்லை. அது மற்றவர்களுடையதைவிடச் சிறிய பெட்டி, உயரமான பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு அறை. அளந்தால் அரைக்கிலோ பிடிக்கும் என்று ஜெயக்கொடியின் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அதைப்போல் ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

வேலுத்தாய் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

இரண்டு பேரும் மூச்சு விடாமல் இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு மூச்சு விட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். வேலுத்தாய் எழுந்து போய்க் காப்பி போட்டாள், அடுப்படியிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். தன் காப்பியைக் குடித்து முடித்ததும் ஒரு அறையில் அரிசியும் இன்னொரு அறையில் பருப்பும் கொட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வரைக்கும் நடந்து திரும்பி வந்தாள். ஒரு மணி அரிசி சிந்தவில்லை.

அதற்கப்புறம்தான் ஜெயக்கொடி கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து உதறி, ஆறிப்போன தன் காப்பியைக் குடித்தாள்.

"நீ என்ன நெனச்சு வச்சிருந்த?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"எடது மூலைய உள்ள திருப்பணும்னு."

வேலுத்தாய் யோசித்துப் பார்த்தாள். மனதுக்குள் மடித்துப் பார்த்தாள் என்பது அவள் விரல்களில் தெரிந்தது. "அது நின்னிருக்காது."

"நின்னிருக்கும் மதினி."

"உனக்கு நின்னிருக்கும்," என்றாள் வேலுத்தாய். காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் எட்டாயிரம் பெட்டியும் மிட்டாய்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அறுபது விதமாக இருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் முதலில் தலையில் கை வைத்தார், பிறகு இரண்டு அறை வைத்த பெட்டியை எடுத்து, ஒன்றில் மிட்டாயும் ஒன்றில் சேவும் போட்டுப் பார்த்துவிட்டு, இது மட்டும் இன்னும் எத்தனை கிடைக்கும் என்று கேட்டு அனுப்பினார்.

அண்ணாச்சி அந்தக் கேள்வியோடு வேலுத்தாயின் பாய்க்கு வந்தார். அவள் எதிரே அன்றைக்குக் காலையிலிருந்து மடித்த பெட்டிகள் ஒன்பது நின்றன. சுற்றிலும் மற்றவர்கள் ஐம்பது, அறுபது என்று அடுக்கிவிட்டிருந்தார்கள். நாலு விநாடிக்கு ஒரு பெட்டி மடித்த பொம்பளை ஒரு பெட்டிக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதை அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"மெதுவாத்தான் வருதோ?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, மெதுவாத்தான் வருது," என்றாள் அவள் நிமிராமல். "பழையது என் கைக்கு வரவும் ஆறு மாசம் ஆச்சு. அப்ப உங்க அப்பா காத்திருந்தாரு. நீங்களும் இருங்க."

சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்து, அதன் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.